சமகாலக் கலையைப் பார்ப்பதும் விமர்சிப்பதும்: சென்னைக் கலைக்கூடங்களுக்கு முதன்முறை செல்வோருக்கு

சமகாலக் கலையைப் பற்றிய பேச்சு நம்மிடையே பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. "எனக்கு இதெல்லாம் புரியாது" என்பது ஒன்று. "கலை என்பது அவரவர் ரசனையைப் பொறுத்தது" என்பது மற்றொன்று. முதலாவது பணிவைப் போலவும் இரண்டாவது பெருந்தன்மையைப் போலவும் ஒலித்தாலும், இரண்டும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுகின்றன. ஓவியத்தைப் புதிராகவும், அதன் விடையை ஓவியரும் விமர்சகரும் மட்டுமே வைத்திருப்பதாகவும் எண்ணுபவர் முதல் வாக்கியத்தைச் சொல்கிறார். பிடித்தது, பிடிக்காதது என்று அறிவிப்பதே விமர்சனம் என்று எண்ணுபவர் இரண்டாவதைச் சொல்கிறார். இவ்விரு எண்ணங்களும் எங்கே பிழைபடுகின்றன என்பதைச் சென்னையின் கலைக்கூடங்களையும் இந்நகரோடு தொடர்புள்ள சில படைப்புகளையும் கொண்டு இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

பட்டுப்புடவை எடுப்பவரின் கண்

கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகும் குடும்பத்தில் ஓர் அத்தையோ பெரியம்மாவோ தலைமை ஏற்பது வழக்கம். அவர் முந்தானையைப் புரட்டிப் பின்பக்கத்து நூலோட்டத்தைப் பார்க்கிறார். கரையும் உடலும் சேரும் இடத்தில் விரலை ஓட்டி, அது கோர்வையாக நெய்யப்பட்டதா என்று சோதிக்கிறார். கடையின் விளக்கு வெளிச்சத்தை நம்பாமல் வாசல்வரை கொண்டுசென்று நிறத்தைப் பார்க்கிறார். அதன்பின் அவர் சொல்லும் தீர்ப்பு, "நன்றாக இல்லை" என்பதோடு நிற்பதில்லை. "உடல் நிறத்துக்கு ஜரிகை தூக்கலாக இருக்கிறது, புட்டா நெருக்கமாக இருப்பதால் கட்டிய பிறகு மடிப்புக்குள் போய்விடும்" என்று காரணத்தையும் சொல்கிறார். பக்கத்தில் நிற்பவர் அதே புடவையைப் பார்த்து, அந்தக் காரணம் சரிதானா என்று தாமே சோதித்துக்கொள்ளலாம். "எனக்கு இந்த நிறம் பிடிக்காது, ஆனால் அருமையான நெசவு" என்று சொல்லவும் அவரால் முடியும். விருப்பத்தையும் மதிப்பீட்டையும் அவர் தனித்தனியே வைத்திருக்கிறார் என்பதே இதற்குப் பொருள்.

கலை விமர்சனம் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறது. படைப்பின் முன்னால் நிற்கும் வேறொருவர் தம் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய காரணங்களோடு முன்வைக்கப்படும் மதிப்பீடே விமர்சனம். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. புடவை எதற்கு என்பது கடைக்குள் நுழைவதற்கு முன்பே நமக்குத் தெரியும். ஒரு கலைப்படைப்பு தன் நோக்கத்தை ஒவ்வொரு முறையும் தானே வகுத்துக்கொள்கிறது. அது என்ன செய்ய முயல்கிறது என்பதைப் பார்வையாளர் முதலில் கண்டறிய வேண்டும், அதன் பின்னரே அது நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று கேட்க முடியும். சமகாலக் கலை கடினமாகத் தோன்றுவது இந்தக் கூடுதல் படியினால்தான்.

"சமகாலம்" எங்கிருந்து தொடங்குகிறது

பேச்சுவழக்கில் நவீன ஓவியம், சமகால ஓவியம் என்ற இரண்டும் ஒன்றாகவே கையாளப்படுகின்றன. மரபான சித்திரிப்பு முறைகளிலிருந்து விலகி, வடிவத்தையும் நிறத்தையும் புதிதாகக் கையாண்ட, பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கலையே நவீன கலை. நம் காலத்தில், பெரும்பாலும் இன்று வாழ்ந்துகொண்டிருக்கும் கலைஞர்கள் படைப்பது சமகாலக் கலை. ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு ஒளிப்படம், காணொளி, ஒலி, நிகழ்த்துதல் என எந்த ஊடகமும் இதில் இடம்பெறலாம். ஓர் அறையையோ வெளியையோ முழுவதுமாகப் படைப்பாக மாற்றி, பார்வையாளர் அதற்குள் நடந்து உணரும்படி அமைப்பதற்கு நிறுவல் கலை என்று பெயர். நவீன கலைக்கும் சமகாலக் கலைக்கும் இடையில் துல்லியமான எல்லைக்கோடு கிடையாது. கலை வரலாற்றாசிரியர்களே அதில் ஒத்துப்போவதில்லை.

சென்னையில் இந்த இரண்டும் அடுத்தடுத்த அறைகளில் இருப்பவை போன்றவை என்பதால், நகரின் வரலாற்றைச் சிறிதேனும் அறிந்துகொள்வது உதவும். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி, 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. கைவினையும் தொழிற்கலையும் கற்பிப்பதே அதன் தொடக்ககால நோக்கம். பின்னர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வரானபோது நுண்கலை முன்னிடம் பெற்றது. அவருக்குப் பின் 1957-இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், ஐரோப்பிய நவீனத்தைப் பின்பற்றிக்கொண்டே இருக்காமல், நம் கோட்டு மரபிலிருந்தும் கைவினையிலிருந்தும் ஒரு நவீனத்தை உருவாக்க இயலுமா என்று மாணவர்களோடு சேர்ந்து தேடினார். அந்தத் தேடலையே இன்று மெட்ராஸ் கலை இயக்கம் என்று அழைக்கிறார்கள். 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் அவர் தலைமையில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், ஓவியத்தை மட்டும் விற்று வாழ முடியாது என்பதை அறிந்திருந்த கலைஞர்கள், மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களை விற்றுத் தங்கள் கலைக்கு வழிசெய்துகொண்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்பவர்கள் இன்றும் அங்கே இறங்கிப் பார்க்கலாம். வெட்டவெளியில் வைக்கப்பட்டிருக்கும் சிற்பங்களே போதுமான காரணம்.

வாசிக்க முடியாத எழுத்தும், வரையத் தெரிந்தவரின் அரூபமும்

பணிக்கர் 1960-களில் தொடங்கிய ஓவிய வரிசைக்குச் "சொற்களும் குறியீடுகளும்" என்று பெயர். ஜாதகக் கட்டங்களைப் போன்ற சதுரங்கள், கணிதச் சூத்திரங்களைப் போன்ற வரிகள், மலையாள எழுத்தின் சாயலில் நெருக்கமாக எழுதிச் செல்லும் பத்திகள், இடையிடையே சிறு விலங்கு உருவங்கள் ஆகியவை தட்டையான நிறப்பரப்பின் மேல் பரவிக் கிடக்கும். இதன் முன் நிற்பவர் அனிச்சையாகவே வாசிக்கத் தொடங்குகிறார். தலையைச் சாய்த்து ஒரு வரியைப் பிடிக்க முயல்கிறார். பொருள் கிடைக்காததால் தமக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டுகிறார். ஆனால் அந்த எழுத்துகள் வாசித்துப் பொருள் கொள்வதற்காக இடப்பட்டவை அல்ல. பொருளிலிருந்து பிரிக்கப்பட்ட எழுத்து, கோடாகவும் அடர்த்தியாகவும் தாளமாகவும் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. பழைய ஏடு ஒன்றையோ பிறர் ஜாதகத்தையோ கையில் வைத்துக்கொண்டு, இதில் ஏதோ முக்கியமானது எழுதியிருக்கிறது என்று உணர்கிறோமே, அந்த உணர்வு ஓவியத்தின் முன்னும் எழுகிறது. வாசிக்க முயன்று தோற்பதுகூட இந்த ஓவியத்தைப் பார்க்கும் அனுபவத்தின் ஒரு பகுதி என்பதே என் கருத்து. புரியவில்லை என்று சொன்னவர் அந்த அனுபவத்தை ஏற்கெனவே அடைந்துவிட்டார். அதை அவர் தோல்வியாகக் கணக்கிட்டுக்கொள்வதுதான் சிக்கல்.

இதற்கு நேர் எதிரான குற்றச்சாட்டும் உண்டு: "ஒழுங்காக வரையத் தெரியாதவர்கள்தான் இப்படி வண்ணத்தைப் பூசிவைக்கிறார்கள்." தமிழ் வாசகர்களுக்கு இதற்கான மறுமொழியை ஓவியர் கே.எம். ஆதிமூலமே தந்துவிட்டார். சிற்றிதழ்களிலும் நூல் அட்டைகளிலும் அவருடைய கோட்டோவியங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையே இங்கு உண்டு. காந்தி நூற்றாண்டையொட்டி அவர் கருப்பு மையில் தீட்டிய காந்தி ஓவியங்களில், ஒரே கோட்டின் தடிமன் மாற்றத்திலேயே நடையின் வேகமும் உடலின் மெலிவும் தெரியும். அதே கைதான் பிற்காலத்தில் பெரிய கேன்வாஸ்களில் உருவமே இல்லாத நிறவெளிகளைத் தீட்டியது. அடையாளம் காணக்கூடிய உருவத்தை விட்டுவிட்டு, நிறம், வடிவம், பரப்பு ஆகியவற்றை மட்டுமே கொண்டு இயங்கும் இத்தகைய ஓவியத்தை அரூப ஓவியம் என்கிறோம். உருவம் வரையத் தெரிந்த ஒருவர் அதைக் கைவிடுகிறார் என்றால், எதைப் பெறுவதற்காகக் கைவிடுகிறார் என்பதே கேட்கத்தக்க கேள்வி. அந்த விலைக்கு ஈடாக எதையும் பெறாத அரூப ஓவியங்களும் ஏராளமாக உள்ளன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சுருங்கச் சொன்னால், படைப்புக்குள் ஒளிந்திருக்கும் ஒற்றை விடையைத் தேடுவது பார்வையாளரின் வேலை அன்று. படைப்பு தம்மிடம் என்ன செய்கிறது, எதைக் கொண்டு அதைச் செய்கிறது என்று கவனிப்பதே அவருடைய முதல் வேலை.

பார்ப்பதில் உள்ள நான்கு படிகள்

2001-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் ஒரு படைப்பைப் பார்க்கப் பார்வையாளர்கள் செலவிட்ட நேரம் சராசரியாக 27 விநாடிகள் மட்டுமே; பெயர்ப்பலகையை வாசித்த நேரமும் அதில் அடக்கம். இவ்வளவு விரைவாகப் பார்க்கும்போது மனத்தில் முதலில் எழும் விருப்பு வெறுப்பே தீர்ப்பாகிவிடும். அந்த அவசரத்தைத் தடுப்பதற்காகவே கலைக் கல்வியில் விவரித்தல், பகுத்தல், பொருள்கொள்ளல், மதிப்பிடல் என்ற நான்கு படிகளைச் சொல்லித் தருகிறார்கள்.

முதற்படி விவரித்தல், கண்ணில் படுவதை மட்டும், கருத்துச் சேர்க்காமல் சொல்வது. பேருந்து ஜன்னலிலிருந்து பல முறை பார்த்த மெரினாவின் உழைப்பாளர் சிலையைக் கொண்டே இதைப் பழகலாம். 1959-இல் திறக்கப்பட்ட இச்சிலை ராய் சௌத்ரியின் படைப்பு. நான்கு ஆண்கள், இடுப்புத் துணியைத் தவிர உடலில் வேறு ஆடை இல்லை, முன்னால் ஒரு பாறை, நால்வரும் அதை நகர்த்தத் தம் உடல் வலு முழுவதையும் செலுத்துகிறார்கள். "உழைப்பின் பெருமையைச் சொல்கிறது" என்பது விவரிப்பு அன்று. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி பகுத்தல். பகுதிகள் ஒன்றோடொன்று எவ்வாறு உறவு கொண்டிருக்கின்றன என்று காண்பது. நால்வரின் உடல்களும் ஒரே திசையில் சாய்ந்து விசையை ஒரே இடத்தில் குவிக்கின்றன. தனி மனிதர்களின் முகங்களைக் காட்டிலும் முதுகும் தோளும் தொடையும் நம் கவனத்தை இழுக்கின்றன.

மூன்றாம் படி பொருள்கொள்ளல். இங்கேதான் ஒரு சுவையான முரண் வெளிப்படுகிறது. இச்சிலையின் அதிகாரப்பூர்வத் தலைப்பு "உழைப்பின் வெற்றி". ஆனால் நம் கண்முன் இருப்பது வெற்றி அன்று. பாறை இன்னும் நகர்ந்து முடியாத, எலும்பும் தசையும் முறுகி நிற்கும் இடைக்கணம். வெற்றி என்பதைக் கை உயர்த்திக் கொண்டாடும் உருவமாகச் செய்திருக்கலாம். சிற்பி அப்படிச் செய்யவில்லை. எனவே, முயற்சியின் உச்சத்தையே வெற்றியாக இச்சிலை முன்வைக்கிறது என்று ஒருவர் சொல்லலாம். தலைப்பு ஒன்றைச் சொல்ல, வெண்கலம் வேறொன்றைச் சொல்கிறது என்று மற்றொருவர் வாதிடலாம். இரண்டு வாசிப்புகளுக்கும் சிலையிலேயே சான்று இருப்பதால் இரண்டும் ஏற்கத்தக்கவை. சான்று காட்ட முடியாத மூன்றாவது வாசிப்பு அப்படி அன்று. அவரவர் ரசனை என்ற வாதம் எங்கே நின்றுபோகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்: பல பொருள்களுக்கு இடம் உண்டு, எந்தப் பொருளுக்கும் இடம் உண்டு என்று ஆகாது.

நான்காம் படி மதிப்பிடல். இதில் புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது, ஒரு படைப்பை அது ஏற்காத நோக்கத்தை வைத்து அளப்பதால்தான். மெட்ராஸ் கலை இயக்கத்தைச் சேர்ந்த பி.வி. ஜானகிராமின் உலோகச் சிற்பங்களை எடுத்துக்கொள்வோம். தகட்டைத் தட்டி வடிவம் கொடுத்து, அதன் மேல் கம்பிகளைப் பற்றவைத்து அணிவேலைப்பாடு செய்த உருவங்கள் அவை. சிற்பம் என்றால் சுற்றிவந்து பார்க்க வேண்டும் என்று கேள்விப்பட்டவர் அவற்றின் பின்பக்கம் சென்று பார்த்தால் ஏமாற்றமடைவார். முன்னால் இருந்த செழுமை அங்கே இல்லை. இதைக் குறையென்று சொல்லிவிடலாமா? கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தை நினைவுகூர்ந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. கவசம் முன்னிருந்து தரிசிப்பதற்கானது. முழுக்க முன்பக்கத்தை நோக்கியே சிற்பத்தை அமைக்கும் இந்த முறை, நந்தகோபால் உள்ளிட்ட பிற சென்னைச் சிற்பிகளிடமும் காணப்படுவது, தெரிந்தே மேற்கொள்ளப்பட்ட தேர்வு. அப்படியானால் மதிப்பீட்டுக்கான கேள்வி, "பின்பக்கம் ஏன் வெறுமையாக இருக்கிறது?" என்பதாக இருக்க முடியாது, "முன்பக்கம், மொத்தச் சிற்பத்தின் கனத்தையும் தாங்கும் அளவுக்கு வலுவாக இருக்கிறதா?" என்பதே சரியான கேள்வி. சில சிற்பங்களில் இருக்கிறது; சிலவற்றில் அணிவேலைப்பாடு மட்டுமே மிஞ்சி, சிற்பம் அலங்காரத் தகடாக இளைத்துவிடுகிறது.

பொருளும் பேசும்

சமகாலக் கலையில் படைப்பு எதனால் செய்யப்பட்டது என்பது, என்ன உருவம் என்பதற்கு நிகரான முக்கியத்துவம் கொண்டது. சென்னையில் வாழும் பெனிதா பெர்சியாள் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக்காட்சியான கொச்சி-முசிறிஸ் பியன்னாலேயின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் வைத்த சிற்பங்கள் கிறித்தவ மரபைச் சேர்ந்த உருவங்கள். அவை மரத்தாலோ கல்லாலோ ஆனவை அல்ல. தூபமிடும் பிசினான குந்திரிக்கம், மற்றொரு நறுமணப் பிசினான வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள், நறுமணப் பொருள்கள் ஆகியவற்றைக் கொண்டு ஆக்கப்பட்டவை. உருவத்தைக் காண்பதற்கு முன்பே மணம் வந்துவிடும். குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் குழந்தை இயேசுவுக்குக் காணிக்கையாக வந்தவை என்பதையும், நறுமணச் சரக்கைத் தேடிவந்த கடல்வழியோடு கேரளக் கரையின் கிறித்தவ மரபு பிணைந்திருப்பதையும் அறிந்தவருக்கு, அந்த மணமே வரலாறாகிவிடும். அறியாதவருக்கும் ஒரு வழிபாட்டிடத்துக்குள் நுழைந்த உணர்வு கிடைக்கும். பிசினும் பட்டையும் காலப்போக்கில் மாறக்கூடியவை என்பதால், நிலைத்து நிற்க வேண்டிய புனித உருவம் இங்கே முதுமையடையும் உடலாகிறது. இதையே ஃபைபர் கிளாஸில் வார்த்திருந்தால் உருவம் அப்படியே இருந்திருக்கும், படைப்பு இருந்திருக்காது.

எனவே, படைப்பின் அருகில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு பெயர்ச்சீட்டில் தலைப்பைக் காட்டிலும் ஊடகம் எது என்ற வரியே பல நேரங்களில் பயன் தருவது. "கலப்பு ஊடகம்" என்று மட்டும் எழுதியிருந்தால், என்னென்ன கலந்திருக்கிறது என்று அங்கிருப்பவரிடம் கேட்டுவிடலாம்.

கலைக்கூடம் எவ்வாறு இயங்குகிறது

பலர் உள்ளே செல்லத் தயங்குவது, அது எத்தகைய இடம் என்று தெரியாததால்தான். சென்னையில் மூன்று வகை இடங்கள் உள்ளன. எழும்பூர் அருங்காட்சியக வளாகம் போன்றவற்றில் படைப்புகள் பாதுகாக்கப்படுகின்றன. அங்கே எதுவும் விற்பனைக்கு இல்லை. கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதமியின் மண்டல மையம் போன்ற கூடங்களில் கலைஞர்களோ குழுக்களோ சில நாள்களுக்கு இடம் பெற்றுத் தாங்களே கண்காட்சி நடத்துகிறார்கள்; அதனால் ஒரு வாரம் அரிய படைப்புகளும் மறுவாரம் மிகச் சாதாரணமானவையும் அங்கே தொங்கும். மூன்றாவது, தனியார் வணிகக் கலைக்கூடங்கள். 1984-இல் தொடங்கிய அப்பாராவ் கேலரீஸ் இவற்றுள் பழையவற்றில் ஒன்று. 2016 முதல் நடந்துவரும் சென்னை போட்டோ பியன்னாலே, கூடங்களைத் தாண்டிப் பொது இடங்களுக்கும் படைப்புகளைக் கொண்டு சென்றிருக்கிறது.

வணிகக் கலைக்கூடம் ஒரு கடைதான். ஆனால் வாங்காதவருக்கும் கதவு திறந்திருக்கும் கடை. நுழைவுக் கட்டணம் பொதுவாக இல்லை. விலைப்பட்டியல் கேட்டால் காட்டுவார்கள். கேட்பதால் வாங்க வேண்டிய கடமை எதுவும் வந்துவிடாது. பெயர்ச்சீட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிவப்புப் புள்ளி, அப்படைப்பு விற்றுவிட்டதைக் குறிக்கும். விற்ற தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கலைக்கூடத்துக்குச் செல்வது பரவலான வழக்கம். ஓவியர்கள் பலர் தங்கள் ஓவியங்களுக்கு அளவை அடிப்படையாகக் கொண்டே விலை வைப்பதால், ஒரே ஓவியரின் ஒரே அளவிலான இரண்டு ஓவியங்களுக்கு ஏறக்குறைய ஒரே விலை இருக்கும். அவற்றில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு சிறந்ததாக இருந்தாலும் அப்படித்தான். கண்காட்சிக்குள் தரத்தை அறிய விலை உதவாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எந்தெந்தப் படைப்புகள் இடம்பெற வேண்டும், எது எதன் அருகில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவரைக் க்யூரேட்டர் என்று அழைக்கிறோம். சுவரில் ஒட்டியிருக்கும் அறிமுகக் குறிப்பும் கையேட்டுக் கட்டுரையும் பெரும்பாலும் அவர் எழுதியவையோ கலைக்கூடம் எழுதச் சொன்னவையோதான். அவற்றில் பயனுள்ள தகவல் இருக்கும். விமர்சனம் இருக்காது, ஏனெனில் விற்பனையில் பங்குள்ள ஓரிடத்தின் சார்பில் எழுதப்பட்டவை அவை. இருப்பு, நினைவு, இடப்பெயர்வு, அடையாளம் என்று கனமான சொற்கள் நிறைந்த ஒரு சுவர்க்குறிப்பை வாசித்துவிட்டு ஓவியத்தைப் பார்ப்பவர், குறிப்பில் இருந்ததையே ஓவியத்திலும் கண்டுவிடுவார். ஆகவே முதலில் படைப்பையும் பிறகு குறிப்பையும் பார்ப்பது நல்லது. குறிப்பு சொல்லும் பொருளுக்குப் படைப்பில் சான்று இருக்கிறதா என்று அதன்பின் திரும்பிச் சென்று சரிபார்த்தால், விமர்சனத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

இதுவரை சொன்னதைத் தொகுத்தால்: விலை, சுவர்க்குறிப்பு, கலைஞரின் புகழ் ஆகிய மூன்றும் படைப்புக்கு வெளியே இருப்பவை. அவற்றை அறிந்துகொள்ளலாம், காரணமாகக் காட்டக் கூடாது.

எழுத முற்படும்போது

"ஓவியரின் தூரிகை நம்மை வேறோர் உலகுக்கு அழைத்துச் செல்கிறது" என்பது எந்தக் கண்காட்சியைப் பற்றியும் எழுதப்படக்கூடிய வாக்கியம். பெயரை மாற்றினாலும் பொருந்தும் வாக்கியம் விமர்சனத்தில் இடம்பெறத் தகுதியற்றது. கற்பனையாக ஒரு கண்காட்சியைக் கொள்வோம்: வற்றிய ஏரிகளைப் பற்றிய பத்து பெரிய ஓவியங்கள். "ஒன்பது ஓவியங்களில் வெடித்த மண்ணின் கோடுகள் ஒரே சீரான இடைவெளியில் ஓடுவதால் அவை தரைவிரிப்பின் வடிவமைப்பைப் போல இதமாகிவிடுகின்றன, பத்தாவதில் மட்டும் கோடுகள் ஓரத்தில் திடீரென அறுபடுகின்றன, அங்கேதான் வறட்சி உறைக்கிறது" என்று எழுதினால், வாசகர் நேரில் சென்று அந்தப் பத்தாவது ஓவியத்தின் முன் நின்று உடன்படலாம் அல்லது மறுக்கலாம். இந்த வாக்கியத்தில் பாராட்டும் குறையும் ஒருசேர இருக்கின்றன. பெரிய சொல் ஒன்றுகூட இல்லை.

சென்னையின் கலை வட்டம் சிறியது. கலைஞர், கலைக்கூடத்தார், எழுதுபவர், வாங்குபவர் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். திறப்பு விழாவில் ஒன்றாக நின்று தேநீர் குடிப்பவர்கள். இதனால் அச்சில் வருபவை பெரும்பாலும் வாழ்த்துரைகளாகவே அமைந்து, உண்மையான கருத்து வாசலுக்கு வெளியே தாழ்ந்த குரலில் பேசப்படுகிறது. கலைஞருக்கு இதில் நன்மை ஒன்றுமில்லை. கலைஞரோடு நட்போ கொடுக்கல் வாங்கலோ இருந்தால் அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுவதும், ஆளைப் பற்றிப் பேசாமல் படைப்பைப் பற்றியே பேசுவதும் குறைந்தபட்ச நாணயம். வெளியிலிருந்து வரும் புதிய பார்வையாளருக்கு இந்த உறவுச் சிக்கல் இல்லை என்பதால், அவர் எழுதுவதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். இங்கே பல கண்காட்சிகள் ஒரு வாரத்திலோ சில நாள்களிலோ முடிந்துவிடுகின்றன; முடிந்தபின் படைப்புகள் வாங்கியவர் வீட்டுக்கோ ஓவியரின் பட்டறைக்கோ சென்றுவிடும். சுவரில் படைப்பு தொங்கும்போதே விமர்சனம் வெளிவந்தால்தான், அதை வாசித்தவர் நேரில் போய்ப் பார்த்து "நீங்கள் சொன்னது தவறு" என்று சொல்ல முடியும்.